ஃபீச்சர் லைன் ஏன் தானாக லெவலை மாற்றிக்கொள்கிறது?

கேள்வி: சிவில் 3டி மென்பொருளில் முதன்முறையாக ஒரு மனையின் நிலத்தைச் சமன்படுத்தும் (கிரேடிங்) வேலையைத் தனியாகச் செய்கிறேன். 40 மீட்டருக்கு 25 மீட்டர் கட்டடத் தளம், அதை ஒட்டி 2 மீட்டர் நடைபாதை, அடுத்து 60 மீட்டருக்கு 30 மீட்டர் வாகன நிறுத்துமிடம், வெளி ஓரமாக மழைநீர் வாய்க்கால். நுழைவுப் பாதைக்கு அடியில் வாய்க்கால் குழாய் வழியாகப் போகிறது. கட்டடத்தின் தரைமட்டம் 101.54 மீட்டர். பாலிலைன்களை (பல துண்டுகள் சேர்ந்த சாதாரணக் கோடுகளை) எல்லாம் ஃபீச்சர் லைனாக, அதாவது லெவல் உள்ள கோடாக, மாற்றி சர்ஃபேஸில் சேர்த்துவிட்டேன். இப்போது ஒரு கோட்டின் லெவலைத் திருத்தினால் இன்னொரு கோடு தானாக மாறுகிறது. சில இடங்களில் சர்ஃபேஸ் பூஜ்ஜியம் வரை குழியாக இறங்குகிறது. கர்ப் (ஓரக்கல்) வளைவுகளில் காண்டூர் (சம உயரக் கோடு) கிழிந்தது போல் தெரிகிறது. கட்டடத் தளத்துக்கு மட்டும் கையால் போட்ட கணக்கைவிட மென்பொருள் 350 கனமீட்டர் நிரப்பு மண் கூடுதலாகக் காட்டுகிறது. எல்லாம் முடிந்தபின் தளத்தை 20 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னால் முதலிலிருந்து வரைய வேண்டியதுதானா?

பதில்: நீங்கள் சொல்லும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. சர்ஃபேஸ் என்பது முக்கோணங்களால் ஆன வலை. அதில் ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு லெவல்தான் இருக்க முடியும். இரண்டு கோடுகள் ஒரே புள்ளிக்கு இரண்டு லெவல் சொன்னால் மென்பொருள் உங்களிடம் வந்து எது சரி என்று கேட்காது. தன் விதிப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஆகவே வரையத் தொடங்குமுன் ஒரு தாளில் எல்லாக் கோடுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் லெவல் எங்கிருந்து வருகிறது என்று குறித்துவையுங்கள்: கையால் கொடுத்த எண்ணா, இருக்கும் தரையா, பக்கத்துக் கோடா? பக்கத்துக் கோடு என்றால் எது? இந்தத் தாள் கையில் இல்லாமல் கிரேடிங் வேலையைத் தொடங்காதீர்கள்.

குதிக்கும் கோடு

சிவில் 3டியில் ஃபீச்சர் லைன் பொதுவாக ‘ஸைட்’ என்ற ஒரு தொகுப்புக்குள் இருக்கும். ஒரே ஸைட்டில் உள்ள ஃபீச்சர் லைன்கள் ஒன்றையொன்று அறிந்தவை. அவை குறுக்கே வெட்டிக்கொண்டால் அந்த இடத்தில் ‘ஸ்ப்ளிட் பாயிண்ட்’ என்ற பொதுப்புள்ளி பிறக்கிறது. அதற்கு இரண்டு லெவல் இருக்க முடியாது. இரண்டு கோடுகளின் ஸ்டைலுக்கும் முன்னுரிமை சமமாக இருந்தால், கடைசியாக எந்தக் கோட்டைத் திருத்தினீர்களோ அதன் லெவல் நிற்கும். மற்றது அந்த இடத்தில் வளைந்து கொடுக்கும்.

உங்கள் வரைபடத்தில் நடப்பதைப் பாருங்கள். நுழைவுப் பாதையின் ஓரம் வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் 100.90 என்று வைத்துக்கொள்வோம். வாய்க்காலின் அடிமட்டம் அங்கே 100.30. இரண்டும் ஒரே ஸைட்டில் இருக்கின்றன. வாய்க்காலின் சரிவைக் கொஞ்சம் திருத்தியதும் பாதையின் ஓரம் 100.30க்கு இறங்கி, பாதை நடுவே 60 சென்டிமீட்டர் பள்ளம் விழுகிறது. நீங்கள் பதறிப்போய்ப் பாதையைச் சரிசெய்தால் வாய்க்கால் அதே இடத்தில் 100.90க்கு ஏறி அணைபோல் நிற்கிறது. எத்தனை முறை மாறிமாறித் திருத்தினாலும் முடிவு வராது, ஏனென்றால் இரண்டு கோடுகளுமே சரி. ஒன்று மேலே போகிறது, மற்றது குழாயாக அடியில் போகிறது. தரையில் சந்திக்காத இரண்டைப் படத்தில் சந்திக்க வைத்ததுதான் தவறு.

தீர்வு: வாய்க்கால் கோட்டைக் குழாயின் இரு வாய்களிலும் நிறுத்துங்கள். இடையில் இருப்பது குழாய், அதை சர்ஃபேஸில் காட்ட வேண்டியதில்லை. ஃபீச்சர் லைனுக்கென்று உள்ள ‘பிரேக்’, ‘ட்ரிம்’ கருவிகளால் இதைச் செய்யலாம். வாய்க்காலை வேறு ஸைட்டுக்கு நகர்த்தினால் மட்டும் போதாதா என்று தோன்றும். ஸைட் மாறினால் கோடுகள் ஒன்றையொன்று இழுக்காது, உண்மைதான். ஆனால் இரண்டையும் ஒரே சர்ஃபேஸில் பிரேக்லைனாக (முக்கோணங்களின் விளிம்பு பின்பற்ற வேண்டிய கோடாக) சேர்த்தால் சண்டை ஸைட்டிலிருந்து சர்ஃபேஸுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். ‘குறுக்கிடும் பிரேக்லைன்’ என்ற பிழைச் செய்தி ஈவென்ட் வியூவரில் வரும். சர்ஃபேஸின் பில்டு அமைப்பில் குறுக்கீட்டை அனுமதித்து, முதல் லெவலையோ கடைசி லெவலையோ சராசரியையோ எடுத்துக்கொள்ளச் சொல்ல முடியும். சராசரியை எடுத்தால் உங்கள் பாதையும் தப்பு, வாய்க்காலும் தப்பு. குறுக்கீட்டை அனுமதிக்காமல் விட்டுவைத்துப் பிழைச் செய்தியைப் படிப்பதே நல்லது. எந்த இடத்தில் முடிவெடுக்காமல் விட்டீர்கள் என்பதை அதுதான் காட்டுகிறது.

எதை எந்த ஸைட்டில் வைப்பது? தரையில் உண்மையாகவே சந்திப்பவை ஒரே ஸைட்டில் இருக்கட்டும். நிறுத்துமிடத்தின் ஓரமும் நுழைவுப் பாதையின் ஓரமும் ஒரு மூலையில் சேர்கின்றன. ஒன்றை உயர்த்தினால் மற்றதும் உயர வேண்டும், அங்கே பொதுப்புள்ளி உங்களுக்கு உதவி. மனை எல்லைக்கோடுகளைப் பார்சலாக (மென்பொருளின் மனைத்துண்டு வடிவமாக) வரைந்திருந்தால் அவற்றைத் தனி ஸைட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பார்சல் கோடுகளும் அதே ஸைட்டில் உள்ள ஃபீச்சர் லைன்களோடு உறவாடக்கூடியவை. லெவலே கொடுக்காத எல்லைக்கோடு ஒன்று உங்கள் கர்ப்பை இழுத்துக்கொண்டிருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கவே அரைநாள் போய்விடும்.

யார் வெல்ல வேண்டும் என்பதை நிரந்தரமாகச் சொல்லவும் வழி உண்டு. ஸைட்டின் கீழே உள்ள ஃபீச்சர் லைன்ஸ் தொகுப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டைல்களை முன்னுரிமைப்படி அடுக்கலாம். கட்டட விளிம்புக்கு ஒரு ஸ்டைல், கர்ப்புக்கு ஒன்று, வாய்க்காலுக்கு ஒன்று என்று வைத்து, கட்டடத்தை மேலே ஏற்றுங்கள். ஸ்டைல் என்றால் நிறம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த வசதியைக் கவனிப்பதில்லை.

பூஜ்ஜியத்துக்கு இறங்கும் குழிகள்

இது எளிது. ஹோம் டேபின் கிரியேட் டிசைன் பேனலில் ‘கிரியேட் ஃபீச்சர் லைன்ஸ் ஃப்ரம் ஆப்ஜெக்ட்ஸ்’ கொடுத்து மாற்றும்போது ‘அஸைன் எலிவேஷன்ஸ்’ என்ற கட்டத்தில் குறியிடாமல் விட்டிருப்பீர்கள். அப்படி விட்டால் கோடு, பாலிலைனில் ஏற்கெனவே இருந்த உயரத்தையே எடுத்துக்கொள்ளும். கட்டடக்கலை வரைபடத்திலிருந்து வந்த பாலிலைன் பெரும்பாலும் பூஜ்ஜியத்தில் கிடக்கும். நூறு மீட்டர் லெவலில் உள்ள மனைக்கு நடுவே அது ஒரு நூறு மீட்டர் கிணறு.

குறி போட்டால் மூன்று வழி கிடைக்கும்: ஒரு நிலையான எண், கிரேடிங்கிலிருந்து, சர்ஃபேஸிலிருந்து. சர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்தால் ‘இடைப்பட்ட கிரேடு பிரேக் புள்ளிகளைச் சேர்’ என்று இன்னொரு கட்டம் வரும். கண்ணை மூடிக்கொண்டு அதில் குறி போடாதீர்கள். அதைப் போட்டால் தரை சர்ஃபேஸின் ஒவ்வொரு முக்கோண விளிம்பைக் கடக்கும் இடத்திலும் ஒரு எலிவேஷன் புள்ளி விழும். 60 மீட்டர் கோட்டில் எழுபது, எண்பது புள்ளிகள் வந்துவிடலாம். இருக்கும் தரையை அப்படியே பின்தொடர வேண்டிய கோட்டுக்கு அது சரி, எடுத்துக்காட்டாக வெட்டாமல் விடப்போகும் மரக்கூட்டத்தின் சுற்றோரம். நிறுத்துமிடத்தின் ஓரத்துக்கு அது தொல்லை. நீங்கள் பிறகு இரு முனைகளுக்கும் லெவல் கொடுத்தாலும் நடுவில் இருக்கும் புள்ளிகள் பழைய தரையையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பொறி: கோடு இருக்கும் தரையைச் சார்ந்து நகரும்படி வைக்கும் வசதி புதிய பதிப்புகளில் இருக்கிறது. ஆதாரமாகக் காட்டுவது இருக்கும் தரை சர்ஃபேஸாக மட்டும் இருக்கட்டும். அந்தக் கோடே உருவாக்கும் வடிவமைப்பு சர்ஃபேஸை ஆதாரமாக்கினால் கோடு சர்ஃபேஸைப் பார்க்கும், சர்ஃபேஸ் கோட்டைப் பார்க்கும்.

மாற்றுவதற்கு முன் பாலிலைன்களையும் சுத்தம் செய்யுங்கள். ஓவர்கில் கட்டளையால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்குங்கள். மூலைகளில் முனைகள் சரியாகத் தொடுகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு முனை 101.35, பக்கத்து முனை 101.25 என்றால் அந்த இரண்டு மில்லிமீட்டரில் சர்ஃபேஸ் பத்து சென்டிமீட்டர் குதிக்க வேண்டும். மெல்லிய ஊசி போன்ற முக்கோணங்கள் அங்கேதான் பிறக்கும். பூஜ்ஜியத்துக்குப் போகாத, சின்னச் சின்னக் கூர்முனைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

லெவல் கொடுப்பது எப்படி

ஃபீச்சர் லைனில் இரண்டு வகைப் புள்ளிகள் உள்ளன. எலிவேஷன் எடிட்டரில் முக்கோணக் குறியோடு தெரிவது பி.ஐ., அதாவது கோடு திசை திரும்பும் முனை. வட்டக் குறியோடு தெரிவது எலிவேஷன் புள்ளி. அது கோட்டின் மேலேயே நகரும், லெவலை மட்டும் மாற்றும், திசையை மாற்றாது. சரிவு மாறும் இடத்துக்கெல்லாம் எலிவேஷன் புள்ளி போதும். அங்கே பி.ஐ. செருகினால் பிறகு யாராவது கைதவறி இழுத்து ஓரத்தைக் கோணலாக்கிவிடுவார்கள்.

உங்கள் மனைக்கு எண்களைக் கட்டடத்திலிருந்து வெளியே நோக்கிப் போட்டுப் பார்ப்போம். தரைமட்டம் 101.54. நடைபாதை 2 மீட்டர், 2 சதவீதச் சரிவில் வெளிப்பக்கம் இறங்கினால் 4 சென்டிமீட்டர், ஆக கர்ப்பின் தலை 101.50. கர்ப்பின் உயரம் 15 சென்டிமீட்டர், அடியில் நிறுத்துமிடத்தின் உள் ஓரம் 101.35. அங்கிருந்து 30 மீட்டர் அகலத்துக்கு 2 சதவீதம் என்றால் 60 சென்டிமீட்டர் இறங்கி வெளி ஓரத்தின் நடு 100.75.

வெளி ஓரம் முழுவதும் 100.75 என்று வைத்தால் தண்ணீர் ஓரத்தை அடைந்து அங்கேயே தேங்கும். நடுவை மேடாக்கி இரு மூலைகளுக்கும் 0.5 சதவீதம் கொடுங்கள். 30 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர், மூலைகள் 100.60. இதற்கு ‘இன்ஸர்ட் ஹை/லோ எலிவேஷன் பாயிண்ட்’ கருவி இருக்கிறது. இரு முனைகளையும் காட்டி, இரு பக்கச் சரிவுகளையும் கொடுத்தால் அவை சந்திக்கும் இடத்தை அதுவே கணக்கிட்டுப் புள்ளி வைக்கும். இரு முனைகளும் 100.60, இரு பக்கமும் 0.5 சதவீதம் என்றால் 30வது மீட்டரில் 100.75 வர வேண்டும். வேறு எண் வந்தால் முனை லெவலில் தவறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

மூலையில் குறுக்குச் சரிவையும் சரிபாருங்கள்: 101.35இலிருந்து 100.60 கழித்தால் 75 சென்டிமீட்டர், 30 மீட்டருக்கு 2.5 சதவீதம். வண்டிகள் நிற்கும் இடத்துக்கு ஏற்கத்தக்கது.

பட்டியலில் எண்ணாகத் தட்டுவதைவிட ‘செட் கிரேடு/ஸ்லோப் பிட்வீன் பாயிண்ட்ஸ்’ கருவியையே அதிகம் பயன்படுத்துங்கள். தொடக்கப் புள்ளியின் லெவலையும் கடைசிப் புள்ளிவரையிலான சரிவையும் கொடுத்தால் நடுவில் எத்தனை புள்ளி இருந்தாலும் ஒரே நேர்ச்சரிவில் உட்கார்ந்துவிடும். எலிவேஷன் எடிட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டினால் எங்காவது 100.68க்குப் பதில் 106.80 விழும். ‘கிரேடு’ கேட்டால் சதவீதம், ‘ஸ்லோப்’ கேட்டால் கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் உள்ள விகிதம் என்பதையும் மனதில் வையுங்கள். 2 சதவீதம் கொடுக்க நினைத்து ஸ்லோப் கட்டத்தில் 2 என்று தட்டினால் 50 சதவீதச் சரிவு வரும்.

நிறுத்துமிடத்தில் இன்னொன்றையும் காண்பீர்கள். உள் ஓரத்தில் இரண்டு முனைகள், வெளி ஓரத்தில் மூன்று புள்ளிகள். வேறு புள்ளியே இல்லாததால் மென்பொருள் உள்மூலையிலிருந்து வெளிநடுவுக்கு மூலைவிட்டமாக முக்கோண விளிம்பை இழுக்கும். அந்தக் கோட்டில் தளம் மடிந்து காண்டூர் முறியும். 2 சதவீதம் ஒருபக்கம், 2.5 சதவீதத்துக்கு மாறும் சரிவு மறுபக்கம், நடுவே காகிதத்தை மடித்ததுபோல ஒரு கோடு. இரண்டு ஓரங்களிலும் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி இருந்தால் மாற்றம் சீராகப் பரவும். புள்ளிகளைக் கையால் வைக்க வேண்டியதில்லை. பிரேக்லைனாகச் சேர்க்கும்போது ‘சப்ளிமென்டிங்’ பகுதியில் தூரம் 5 என்று கொடுத்தால் சர்ஃபேஸுக்குள் மட்டும் கூடுதல் புள்ளிகள் விழும், ஃபீச்சர் லைன் சுத்தமாகவே இருக்கும்.

கர்ப்பும் வளைவும்

கர்ப்பின் முகம் செங்குத்தானது. ஒரு புள்ளிக்கு ஒரு லெவல் என்ற விதியில் செங்குத்துக்கு இடமில்லை. அடிக்கோட்டிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி, 15 சென்டிமீட்டர் உயரத்தில் தலைக்கோட்டை வரையுங்கள். ‘ஸ்டெப்டு ஆஃப்செட்’ கருவியில் தூரம் 0.01, உயர வித்தியாசம் 0.15. பிறகு அந்தத் தலைக்கோட்டிலிருந்து 0.14 தள்ளி, உயர வித்தியாசம் பூஜ்ஜியமாக இன்னொன்று, மொத்தம் 15 சென்டிமீட்டர் அகலக் கர்ப்.

இப்படிப் பிறந்த கோடு தாய்க்கோட்டோடு கட்டுண்டிருக்காது. அடிக்கோட்டை நாளை உயர்த்தினால் தலைக்கோடு பழைய உயரத்திலேயே நிற்கும். அப்போது மறுபடி வரையாமல் ‘அட்ஜஸன்ட் எலிவேஷன்ஸ் பை ரெஃபரன்ஸ்’ கொடுத்து அடிக்கோட்டைக் காட்டி, வித்தியாசம் 0.15 என்று சொன்னால் அடிக்கோட்டின் எல்லாப் புள்ளிகளும் செங்கோணத்தில் தலைக்கோட்டுக்கு எடுத்துச் செல்லப்படும். தாளில் தலைக்கோட்டுக்கு எதிரே ‘அடிக்கோடு + 0.15’ என்று எழுதியிருந்தால் இதை மறக்க மாட்டீர்கள்.

இனி காண்டூர் கிழிவது. முப்பரிமாணப் பாலிலைனில் வட்டவளைவு இருக்க முடியாது, ஃபீச்சர் லைனில் உண்மையான வளைவு இருக்கும். ஆனால் சர்ஃபேஸுக்குள் நுழையும்போது அதுவும் நேர்த்துண்டுகளாகத்தான் வெட்டப்படுகிறது. எத்தனை துண்டு என்பதை ‘மிட்-ஆர்டினேட் டிஸ்டன்ஸ்’ தீர்மானிக்கிறது: வளைவின் நடுவுக்கும் நாணின் நடுவுக்கும் இடையே அனுமதிக்கும் அதிகபட்ச இடைவெளி. 6 மீட்டர் ஆரமுள்ள மூலையில் கால்வட்டத்தின் நீளம் 9.42 மீட்டர். இந்த எண்ணை 0.1 ஆக வைத்தால் ஒரு நாண் 2.18 மீட்டர் வரை நீளலாம், மூலை முழுவதும் ஐந்தே துண்டுகள். 0.01 என்றால் நாண் 0.69 மீட்டர், 14 துண்டுகள்.

கர்ப்பில் இது அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. உங்கள் அடிக்கோட்டுக்கும் தலைக்கோட்டுக்கும் இடையே ஒரே ஒரு சென்டிமீட்டர்தான். நாண் வளைவிலிருந்து 10 சென்டிமீட்டர் விலகலாம் என்று அனுமதித்துவிட்டு, ஒரு கோட்டில் கூடுதலாக ஒரு எலிவேஷன் புள்ளி இருந்து இரண்டும் வெவ்வேறு இடங்களில் துண்டுபட்டால், ஒன்றின் நாண் மற்றதைக் கடந்து போய்விடும். கடந்த இடத்தில் கர்ப்பின் தலை அடிக்குப் போகும், அடி தலைக்கு வரும். நீங்கள் பார்த்த கிழிசல் இதுதான். இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தைவிடச் சின்ன எண்ணையே கொடுக்க வேண்டும். உங்களுக்கு 0.005 பொருந்தும். அப்போது நாண் அரை மீட்டருக்குள் அடங்கும். மனை முழுவதுக்கும் இதே எண்ணைக் கொடுத்து சர்ஃபேஸைக் கனமாக்க வேண்டாம். கர்ப்களைத் தனியாக ஒரு பிரேக்லைன் தொகுப்பாகவும், பெரிய ஆரமுள்ள மற்றக் கோடுகளை வேறு தொகுப்பாகவும் சேருங்கள்.

சேர்த்ததும் சர்ஃபேஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முப்பரிமாணக் காட்சியை மட்டும் நம்பாதீர்கள். அதில் எல்லாமே அழகாகத் தெரியும். காண்டூர் இடைவெளியை 0.1 ஆக வைத்து அளந்து பாருங்கள். 2 சதவீதச் சரிவில் அடுத்தடுத்த காண்டூர்கள் 5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 3 மீட்டரில் இருந்தால் சரிவு 3.3 சதவீதம். அடுத்து ‘வாட்டர் டிராப்’ கருவியால் பத்துப் பன்னிரண்டு இடங்களில் துளியை விட்டுப் பாருங்கள். நடுத்தளத்தில் நின்றுவிட்டால் அங்கே குழி இருக்கிறது.

350 கனமீட்டர்

உங்கள் எண்ணே காரணத்தைச் சொல்கிறது. 40 பெருக்கல் 25 ஆயிரம் சதுரமீட்டர். அதில் 350 கனமீட்டர் என்றால் சராசரி உயரம் 35 சென்டிமீட்டர். தரைக் கான்கிரீட்டும் அதன் அடி அடுக்குகளும் சேர்ந்து உங்கள் தளத்தின் தடிமன் அவ்வளவுதானா என்று பாருங்கள். கையால் போட்டபோது மண்வேலையின் மேல்மட்டத்தை, அதாவது 101.19ஐ எடுத்திருப்பீர்கள். மென்பொருளுக்கு 101.54இல் உள்ள முடித்த மட்டத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். அது கான்கிரீட் வரும் இடத்தையும் மண்ணால் நிரப்பிக் கணக்குப் போட்டது. நிறுத்துமிடத்தையும் பாருங்கள். அதன் அடுக்குகள் 45 சென்டிமீட்டர் என்றால் 1,800 சதுரமீட்டருக்கு 810 கனமீட்டர். கட்டடத்தைவிடப் பெரிய பிழை அங்கே ஒளிந்திருக்கிறது.

மண்கணக்குக்குத் தனி சர்ஃபேஸ் வேண்டும். முடித்த மட்டக் கோடுகளை வேறொரு ஸைட்டுக்கு ‘காப்பி டு ஸைட்’ செய்து, ‘ரெய்ஸ்/லோயர்’ கருவியால் கட்டடத்துக்கு 0.35, நிறுத்துமிடத்துக்கு 0.45 இறக்குங்கள். வேறு ஸைட் என்பதைத் தவறவிடாதீர்கள். அதே ஸைட்டிலேயே பிரதி எடுத்தால் மேற்கோடும் கீழ்க்கோடும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். எல்லா முனைகளும் பொதுப்புள்ளியாகிவிடும். நகலை இறக்கினால் அசலும் இறங்கும். பிறகு இருக்கும் தரையை அடிப்படையாகவும் இந்த மண்வேலை சர்ஃபேஸை ஒப்பீடாகவும் வைத்து டின் வால்யூம் சர்ஃபேஸ் (இரண்டுக்கும் இடைப்பட்ட கன அளவைத் தரும் சர்ஃபேஸ்) உருவாக்குங்கள். அதில் வரும் அளவு உறுதியாகத் தட்டப்பட்ட இடத்தின் வடிவ அளவு. லாரியில் வரும் தளர்ந்த மண்ணின் அளவு இதைவிடக் கூடும். அதற்குரிய ஃபில் காரணியை (நிரப்பு அளவைப் பெருக்கும் எண்ணை) மண் பரிசோதனையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், யூகித்துப் போடக் கூடாது.

20 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னால்

முதலிலிருந்து வரைய வேண்டாம், ஆனால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 0.20 ஏற்றிவிடவும் கூடாது. தாளை எடுங்கள். கட்டட விளிம்பு கையால் கொடுத்த எண், ஏறும். நடைபாதையும் உள் கர்ப்பும் கட்டடத்தைச் சார்ந்தவை, கூடவே ஏறும். வெளி ஓரம் வாய்க்காலில் கலக்க வேண்டியது, வாய்க்கால் குழாயின் மட்டத்தால் கட்டுண்டது. அது அசையக் கூடாது. உள் ஓரம் 101.55 ஆனதும் நடுவில் சரிவு 80 சென்டிமீட்டருக்கு 30 மீட்டர், 2.67 சதவீதம். மூலைகளில் 95 சென்டிமீட்டர், 3.17 சதவீதம். வாகனங்கள் நிற்க இது இன்னும் சரிதான். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடங்களுக்கு உங்கள் விதிமுறை அனுமதிக்கும் சரிவு இதைவிடக் குறைவாக இருக்கலாம். அந்த இடங்களை மட்டும் தனியாகச் சரிபாருங்கள்.

பலரும் கோட்டைவிடுவது கட்டடத்தின் பின்பக்கம். அங்கே தரை விளிம்பைவிட 2 மீட்டர் கீழே இருந்து, வெளிப்பக்கம் மேலும் 10 சதவீதம் இறங்கினால், விளிம்பிலிருந்து இறங்கும் 2:1 சரிவுள்ள மண்கரை 4 மீட்டரில் தரையைத் தொடாது. கரை ஒவ்வொரு மீட்டருக்கும் 50 சென்டிமீட்டர் இறங்க, தரையும் 10 சென்டிமீட்டர் இறங்கி விலகுகிறது. மீட்டருக்கு 40 சென்டிமீட்டர்தான் நெருங்குவதால் 5 மீட்டரில்தான் தொடும். 20 சென்டிமீட்டர் ஏற்றினால் 2.2 வகுத்தல் 0.4, கரையின் அடி 5.5 மீட்டருக்குப் போகும். மனையின் எல்லை 5.3 மீட்டரில் இருந்தால் மென்பொருள் அதற்காக எந்தப் பிழையும் காட்டாது, பக்கத்து மனைக்குள் 20 சென்டிமீட்டர் புகுந்தே கரையை வரைந்து கொடுக்கும். உயர்த்தும் முடிவுக்குத் தலையசைக்கும் முன் கரையின் அடிக்கோட்டை எல்லைக்கோட்டோடு வைத்துப் பாருங்கள். தாண்டினால் அங்கே கரையின் சரிவை இன்னும் கூட்டினால் மண் நிற்குமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் தாங்குசுவர் தேவை என்று அப்போதே எழுதிக் கொடுங்கள்.